தங்கப்பாண்டியின் மடியும் பட்டை ரோலும்

சிம்மக்கல்லில் எங்கள் சந்து முனையில் இருக்கும் கடையில் தங்கப்பாண்டி புரோட்டா மாவு வீசுவதை நீங்கள் பார்த்ததில்லை என்றால், உங்கள் கண்ணுக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. உள்ளங்கை அளவு உருண்டையை எடுத்து மேசையில் ஒரு தட்டு, காற்றில் ஒரு வீச்சு. வேட்டி மாதிரி விரிந்துகொண்டே போகும். ஒரு சாயங்காலம் அப்படி வீசிய மாவு மேலே போனது போனதுதான். எதிர்வீட்டு மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளோடு போய்த் தொங்கிவிட்டது. அந்த வீட்டுக்காரர் அதையும் எடுத்து மடித்து பீரோவில் வைத்துவிட்டார். இதில் கொஞ்சம் கூடுதல் குறைச்சல் இருக்கலாம். வீசினது உண்மை.

அவனுக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு மானாவாரிக் கிராமம். மழை ஏமாற்றிய ஒரு வருஷம் மதுரைக்கு பஸ் ஏறினான். மேசை துடைக்க வந்தவன் மாவு பிசையக் கற்று, முப்பத்தைந்து வயதில் இன்றைக்கு மாஸ்டர். கல்யாணம் இன்னும் அமையவில்லை. கைதான் காரணம் என்பார்கள். கல்லிலிருந்து எடுத்த புரோட்டாவைச் சூட்டோடு சூடாக அடுக்கி, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினால்தானே ஏடு ஏடாகப் பிரியும்? அந்தத் தட்டல் அவன் உடம்பிலேயே ஊறிவிட்டது. தூங்கி எழுந்தால் தலையணைக்கு ஒரு தட்டு. பேப்பரைப் படித்து மடித்தால் அதற்கும் ஒரு தட்டு. பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் பெண்ணின் தகப்பனாருக்கு நல்ல புசுபுசு கன்னம். பக்கத்தில் இருந்தவர்கள் சமயத்தில் கையைப் பிடித்துக்கொண்டதால் விபரீதம் நடக்கவில்லை. சம்பந்தமும் நடக்கவில்லை.

இப்படிப்பட்டவனுக்கு வாழ்க்கையில் பெருமை என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தங்கை ரோகிணியின் மகள் பவதாரிணிக்கு அவன் தாய்மாமன்.

அந்தப் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்துவதென்றால் தாய்மாமன் சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு மேளத்தோடு வரவேண்டும். பிள்ளையைத் தன் மடியில் உட்கார்த்திக்கொள்ள வேண்டும். அந்த மடிக்கு உள்ள மரியாதை ஊர்த் தலைவர் நாற்காலிக்குக்கூட கிடையாது. போன வருஷம் அப்படித்தான் உட்கார்த்தினான். ஆசாரி கம்பியை எடுத்ததும் பவதாரிணி ஆசாரியின் விரலைக் கடித்துவிட்டு, மாமன் மடியிலிருந்து வழுக்கி, கிடா ஏற்றிவந்த வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். கிடா வெளியே வந்தது, அவள் வரவில்லை. காது குத்தாமலே கறிச்சோறு தின்றுவிட்டு ஊர் கலைந்தது.

"மாவை ஆகாசத்துக்கு வீசுறவனுக்கு ஒரு பிள்ளையை மடியில பிடிச்சு வைக்கத் தெரியல" என்று அன்றைக்குச் சிரித்தவன் கருத்தக்கண்ணன். தங்கப்பாண்டிக்குப் பெரியப்பா மகன். உசிலம்பட்டியில் டிராக்டர் பாகங்கள் விற்கும் கடை, வெள்ளைக் கார், காருக்குப் பொருத்தமாக மீசை. "அடுத்த தடவை எம் மடியில வச்சுக்கிறலாம். நானும் மாமன்தானே" என்றான். வேடிக்கைக்குச் சொன்னானா நிஜமாகவே சொன்னானா என்று தெரியாத மாதிரி சொன்னான். ரோகிணியின் மாமனார் வீட்டில் அது நல்ல யோசனையாகப் பட்டுவிட்டது. தங்கப்பாண்டிக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருஷம் வைகாசியில் மறுபடி நாள் குறித்தார்கள். முடிவு பண்ண எல்லோரும் ரோகிணி வீட்டில் கூடியிருந்தபோது, பவதாரிணி அம்மாவின் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுக்காரி ஒருத்தி மாவை விரித்து, சர்க்கரை தூவி, பாய் மாதிரி சுருட்டி, வெட்டி அடுப்பில் வைக்கிறாள். சுருள் சுருளாக உப்பி வருகிறது. மேலே வெள்ளையாக எதையோ ஊற்றுகிறாள்.

"மாமா, இது ஒனக்குச் செய்யத் தெரியுமா?"

தங்கப்பாண்டி எட்டிப் பார்த்தான். "இதென்ன பெரிய வித்தை பாப்பா. இனிப்புப் புரோட்டா."

"சினமன் ரோல்."

"சினமன்னா?"

"பட்டைண்ணே" என்றாள் ரோகிணி. "குருமாவுக்குப் போடுவோமே, அது. அதையா இனிப்புல போடுறாங்க? கொமட்டாதா?"

பவதாரிணி போனைக் கீழே வைத்தாள். பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்கிறவள் மாதிரி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "இதைச் செஞ்சு கொண்டாந்தா மாமா மடியில உக்காருவேன். ஓட மாட்டேன்."

"அம்புட்டுத்தானே" என்றான் கருத்தக்கண்ணன். "மதுரையில பெரிய பேக்கரியில நான் வாங்கியாரேன் தாயி."

"வாங்கக் கூடாது. செய்யணும்."

தங்கப்பாண்டி மார்பைத் தட்டிக்கொண்டு எழுந்தான். இரண்டு கையாலும்தான்.

கடைக்கு மேல்மாடியில் சைனப் இருக்கிறாள். பிறந்தநாள் கேக் செய்து கொடுக்கிறவள். அவளிடம் மின்சார அடுப்பு இருக்கிறது, அடுப்பை விடச் சூடான வாயும் இருக்கிறது. தங்கப்பாண்டி போய் விஷயத்தைச் சொன்னதும், "அடுப்பு தாரேன். ஆனா நான் சொல்றதைக் கேக்கணும் அண்ணே" என்றாள்.

"மாவைப் பத்தி எனக்கே சொல்றியா?"

"சரி, ஒங்க இஷ்டம்."

முதல் தடவை அவன் இஷ்டம். மாவை எண்ணெய் ஊற்றி அடித்துப் பிசைந்தான். வழக்கம்போல வீசினான். சைனப்பின் மின்விசிறி அதை வாங்கிக்கொண்டு நாலு சுற்றுச் சுற்றித் திருப்பிக் கொடுத்தது. பட்டைத் தூளும் சர்க்கரையும் தூவிச் சுருட்டி வைத்தான். ஈஸ்ட் மட்டும் போடவில்லை. "அது எதுக்கு, மருந்து வாடை அடிக்குது" என்றுவிட்டான். வெந்து வந்ததைச் சைனப் ஒன்றை எடுத்து மேசையில் தட்டிப் பார்த்தாள். டொக் டொக் என்றது.

"இதை வச்சுச் சுவத்துல ஆணி அடிக்கலாம் அண்ணே. பிள்ளைக்குக் காது குத்துறதுக்கு முன்னாடி பல்லு போயிரும்."

இரண்டாம் தடவை அவள் சொன்னபடி. வெதுவெதுப்பான பாலில் ஈஸ்டையும் ஒரு கரண்டிச் சர்க்கரையையும் கலக்கி மூடி வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் திறந்தால் நுரை பொங்கி நிற்கிறது. தங்கப்பாண்டி குனிந்து அதையே பார்த்தான்.

"உசுரு இருக்கு சைனப்பு, இதுக்கு."

"இருக்கு. அடிச்சுக் கொன்னுராதீங்க."

அந்த நுரையை மைதாவில் ஊற்றி, முட்டையும் வெண்ணெயும் சேர்த்து, மெதுவாக, தூங்குகிற பிள்ளையைப் புரட்டுகிற மாதிரி பிசைந்தான். இருபது வருஷமாக மாவை அடித்த கைக்கு அதுதான் பெரிய தண்டனை. ஈரத்துணி போட்டு மூடிவிட்டு, மாவு இருமடங்காக உப்பும்வரை பொறுக்க வேண்டும் என்றாள் சைனப். வெளிநாட்டில் அதற்கு நெடுநேரம் ஆகுமாம். மதுரை வெயில் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்குமா? அவள் மதியத் தொழுகையை முடித்துவிட்டு வருவதற்குள் மாவு பாத்திரத்தைத் தாண்டி, மேசையைத் தாண்டி, வாசற்படியில் இறங்கப் பார்த்தது. இன்னும் சற்று விட்டிருந்தால் ஆட்டோ பிடித்துப் பெரியார் பஸ் நிலையம் போயிருக்கும்.

அதைத் தட்டையாக விரித்து, வெண்ணெய் தடவி, நாட்டுச்சர்க்கரையும் பட்டைத் தூளும் தூவிச் சுருட்டினார்கள். கத்தியால் வெட்டினால் சுருள் நசுங்கியது. தங்கப்பாண்டி கடகடவென்று கீழே இறங்கிப் போய், புரோட்டாப் பார்சல் கட்டுகிற நூலை எடுத்து வந்தான். சுருளுக்கு அடியில் நூலைக் கொடுத்து, மேலே குறுக்காக மாற்றிப் பிடித்து ஒரே இழு. வட்டம் வட்டமாக, கோடு போட்ட மாதிரி விழுந்தது. சைனப்புக்கே வாய் அடைத்துப்போனது. இது சந்தில் யாரும் நம்பாத செய்தி.

அடுப்பிலிருந்து வாசம் கிளம்பியது பாருங்கள். வெல்லப்பாகும் வெண்ணெயும் பட்டையும் கலந்த ஒரு வாசம். கீழே கடையில் சால்னா ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். வைகையாற்றுப் பாலத்தில் போன டவுன் பஸ்கள் சிம்மக்கல்லில் நிற்காமல் எங்கள் சந்துக்குள் திரும்பின என்று நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை.

தங்கப்பாண்டி அன்றைக்கு ஒரு ரோலைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "என்னண்ணே, நல்லா இல்லியா?" என்றாள் சைனப். "மடி கெடைச்சிருச்சு சைனப்பு" என்றான்.

காதுகுத்து நாள் வந்தது. காலையில் மாவு சொன்ன பேச்சைக் கேட்டது. நூல் சரியாக அறுத்தது. ரோல்கள் வெந்து பொன்னிறமாக, ஒவ்வொன்றும் மாப்பிள்ளைத் தலைப்பாகை மாதிரி நிமிர்ந்து நின்றன. கீழே வேன் ஹாரன் அடித்தபடி நிற்கிறது. சைனப் சர்க்கரைப் பாகுக் கிண்ணத்தை எடுக்கத் திரும்பினாள். தங்கப்பாண்டி தட்டை வெளியே இழுத்தான். ஆவி பறக்கிறது. கை என்ன செய்தது? சூடாக இருப்பதை நாலு நாலாக அடுக்கியது. இரண்டு பக்கமும் தூக்கித் தட்டியது.

டப். டப். டப்.

சைனப் திரும்பியபோது கடைசி அடுக்கும் முடிந்திருந்தது. தங்கப்பாண்டி தன் இரண்டு கைகளையும் யாரோ விட்டுப்போன சாமான் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

"அல்லாவே" என்றாள் சைனப் மெதுவாக. "தலைப்பாகையெல்லாம் தலைகாணி ஒறை ஆயிருச்சே அண்ணே."

"இன்னொரு தடவை..."

"மாவு உப்ப நேரமில்ல. மேளக்காரங்க கோயில்ல நிக்கிறாங்க." நசுங்கிய ரோல்கள் மேலேயே பாகை ஊற்றினாள். பிரிந்துகிடந்த ஏடுகளுக்குள் அது சத்தமில்லாமல் இறங்கிவிட்டது. "நடங்க. நானும் வாரேன். அந்தப் பிள்ளை மூஞ்சியை நான் பாக்கணும்."

வேனில் நாங்கள் சந்துக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் இருந்தோம். செக்கானூரணி தாண்டும்வரை தங்கப்பாண்டி இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

குலதெய்வக் கோயில் ஊருக்கு வெளியே, வேப்பமரத்தடியில். மேளம் முழங்க, சீர்த்தட்டுகள் வரிசையாகப் போயின. பழம், பட்டுப்பாவாடை, வளையல், கடைசியில் வாழையிலை மூடிய ஒரு தட்டு. பவதாரிணி வேறு எதையும் பார்க்கவில்லை. நேரே வந்து இலையைத் தூக்கினாள்.

"நசுங்கியிருக்கு."

மேளம்கூடக் கொஞ்சம் அடங்கிய மாதிரி இருந்தது. கருத்தக்கண்ணன் இதற்காகவே காத்திருந்தவன் போலக் காரிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வந்து திறந்தான். உள்ளே வெள்ளை வெளேரென்று பாகு பூசி, நிமிர்ந்து நிற்கும் ரோல்கள். படத்தில் பார்த்தது அப்படியே.

"பெரிய மாமன் கொண்டாந்தது எப்பிடி தாயி? வா, வந்து உக்காரு."

ரோகிணி அண்ணனைப் பார்த்தாள். ஆசாரி போன வருஷம் கடிபட்ட விரலைத் தடவிக்கொண்டார். பவதாரிணி பெட்டியைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். பிறகு தங்கப்பாண்டியிடம் கேட்டாள்.

"நீதான் செஞ்சியா?"

"நான்தான் பாப்பா."

"ஏன் நசுங்குச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். வேன் குலுங்கிவிட்டது என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? தங்கப்பாண்டிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. "தட்டிட்டேன் பாப்பா. புரோட்டான்னு நெனச்சுக் கை தானாப் போயிருச்சு."

"எப்பிடித் தட்டுன?"

காட்டுவதற்கு அவன் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். உள்ளங்கைகளை விரித்து, காற்றை இரண்டு பக்கமும் தட்டினான். டப். பவதாரிணி கிட்டே வந்தாள். தன் கைகளை அவன் கைகளுக்கு நடுவில் வைத்துப் பார்த்தாள். எட்டவில்லை. திரும்பி, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சும்மா நாற்காலியில் உட்காருகிற மாதிரி அவன் மடியில் உட்கார்ந்தாள்.

"நானும் தட்டணும். இது தட்டுனது. தட்டாதது குடு."

தட்டாதது கருத்தக்கண்ணன் பெட்டியில்தான் இருந்தது. அவன் சுதாரிப்பதற்குள் சைனப் பெட்டியை வாங்கிப் பிள்ளைக்கு முன்னால் வைத்துவிட்டாள். "இந்தாம்மா. நல்லா ஓங்கித் தட்டு."

முதல் தட்டில் பாகு சிதறி ஆசாரியின் கண்ணாடியில் விழுந்தது. இரண்டாவதில் கருத்தக்கண்ணன் மீசை வெளுத்தது. பிள்ளை சிரிக்கிறாள், கூட்டம் சிரிக்கிறது, மேளக்காரர் அவள் தட்டுக்கு ஏற்றபடி அடிக்க ஆரம்பித்துவிட்டார். ஆசாரி அனுபவசாலி. கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் வலது காதை முடித்தார். பவதாரிணி தட்டுவதை நிறுத்தினாள். உதடு பிதுங்கியது. அழுகைக்கு மூச்சு இழுத்த வாயில் தங்கப்பாண்டி தன்னுடைய நசுங்கிய ரோலில் ஒரு துண்டைப் பிய்த்து வைத்தான்.

மென்றாள். ஏடு ஏடாக, உள்ளே வரைக்கும் பாகு ஊறிய துண்டு. கண் உருண்டது.

"குருமா வாசம் வருது" என்றாள். "நல்லாருக்கு. இன்னும் குடு."

இன்னும் கொடுப்பதற்குள் இடது காதும் முடிந்தது.

அப்புறம் நடந்ததை நான் கூட்டவோ குறைக்கவோ வேண்டியதில்லை. கறிச்சோறு ஒரு பக்கம் ஆறிக்கொண்டிருக்க, சனம் வாழையிலைத் தட்டைச் சுற்றி நின்றது. கருத்தக்கண்ணன் மீசையைத் துடைத்துக்கொண்டு வந்து, "டேய் தங்கம், அந்த நசுங்குனதுல ஒண்ணு மிச்சம் வைடா" என்றான். "வரிசையில நில்லுண்ணே" என்றான் தங்கப்பாண்டி. போட்டோக்காரர் படம் எடுத்து முடித்துவிட்டார். ரோகிணி பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினாள். பவதாரிணி அசையவில்லை.

"எந்திரி பாப்பா" என்றான் தங்கப்பாண்டி. "மாமாவுக்குக் கால் மரத்துப்போச்சு."

"இரு மாமா" என்றாள் அவள், பெட்டிக்குள் கையை விட்டபடி. "இன்னும் ரெண்டு தட்ட வேண்டியிருக்கு."