நாற்பது வினாடி

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? எனக்கு நடந்தது பட்டப்பகலில். செப்டம்பர் ஒன்பது, ஞாயிறு, மதியம் 2:10. நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

நான் டாகரோடைப் எடுக்கிறவன். புகைப்படம் பிறந்த காலத்து முறை அது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டைக் கண்ணாடி போலத் தேய்த்து, அயோடின் புகை காட்டி, கேமராவில் செருக வேண்டும். படம் எடுத்தபின் பாதரச ஆவியில் வைத்தால் உருவம் மெல்ல எழும். சாய்த்துப் பிடித்தால்தான் முகம் தெரியும். அந்த அழகுக்காக இன்றும் இதைக் கட்டிக்கொண்டு அழும் பைத்தியங்கள் சிலர் இருக்கிறோம்.

அன்று உட்கார்ந்தவர் என் அண்ணி. கல்யாண நாளுக்கு அண்ணனிடம் கொடுக்க ஒரு படம் வேண்டுமாம். அவர்கள் வீட்டிலிருந்து என் மாடி அறைக்கு வந்திருந்தார். பெரிய ஜன்னலை ஒட்டி நாற்காலி போட்டேன்.

"நாப்பது செகண்ட் அசையக் கூடாது அண்ணி."

"உங்க அண்ணன்கூட பத்து வருஷம் வாயத் தொறக்காம ஓட்டிட்டேன். இது என்ன பெரிய விஷயம், தம்பி?"

சிரித்துக்கொண்டே நோட்டில் 2:10 என்று குறித்துவிட்டு லென்ஸ் மூடியைக் கழற்றினேன். சத்தமாக எண்ணினேன். ஒன்று... இரண்டு...

பன்னிரண்டில் இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. ஆண்குரல். என் காதுக்குப் பின்னால். எதிரொலி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

முப்பதில் அது என்னை முந்தியது. நான் சொல்வதற்குள் அது சொன்னது.

நாற்பது. மூடினேன்.

"நாற்பத்தொன்று..." என்றது குரல்.

திரும்பினேன். யாருமில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி 2:29.

அண்ணி எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்க்கவே இல்லை. செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினார்.

பத்தொன்பது நிமிடம் வெளிச்சம் பட்டால் தகடு நீலம் பாரித்துக் கெட்டுப்போகும். இது கெடவில்லை.

பாதரசப் பெட்டியில் முதலில் நாற்காலி எழுந்தது. பிறகு அண்ணி. அவர் முகம் வெறும் புகை. தலையை அப்படியும் இப்படியும் உதறியதுபோல...

அவருக்குப் பின்னால் ஒருவன்.

முன்பின் பார்த்திராத முகம். இமை மயிர்வரை துல்லியம். துளியும் அசையாதவன். அவன் கை அண்ணியின் தாடையில். கண்கள் என்மேல். அப்படியொரு வெறுப்பை நான் எந்த முகத்திலும் கண்டதில்லை.

பஞ்சு பட்டாலே அழிந்துவிடும் படம் அது. தேய்த்தேன்.

போகவில்லை.

மறுபடி...

போகவில்லை.

மாலை 6:05க்கு அண்ணன் போன் செய்தான். "இனிமே என் வீட்டு வாசப்படிய மிதிச்சே, கால உடைச்சிடுவேன்." அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

காரணம் நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது. எதிர்மாடித் தையல்காரர் தெருவில் என்னை மறித்தார்.

"நீயெல்லாம் மனுஷனா? அந்தப் பொண்ணு 'விடுங்க தம்பி, விடுங்க தம்பி'ன்னு அழுவுது. எழுந்திரிக்கப் பாக்குறப்பல்லாம் ஓடி ஓடி வந்து தாடையப் புடிச்சு அழுத்தி உக்கார வைக்கிறே. நான் ஜன்னல்லேர்ந்து கத்துனேன். திரும்பிப் பாத்து சிரிச்சே."

"கூட... யாராவது இருந்தாங்களா?"

அவர் காறித் துப்பினார்.

"நீ மட்டுந்தான்."