ஷைலாவுக்குக் கொடுத்த கருத்து

பினாயில் வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். நான் ஒன்பதாவது படிக்கும்போது, மேலதிகாரி பார்வையிட வந்த அன்று பள்ளிக்கூடம் முழுக்க அதைத்தான் ஊற்றி வைத்திருந்தார்கள்...

கேரள எல்லையில், பாறசாலைப் பக்கத்துப் பள்ளி. தமிழ் டிவிஷன். அன்றைக்கு எங்கள் வகுப்பில் 'கலந்துரையாடல்'. தலைப்பு, பள்ளிச் சுகாதாரம்.

யார் என்ன பேச வேண்டும் என்று சார் முந்தின நாளே மனப்பாடம் செய்ய வைத்துவிட்டார். எதிர்த்துப் பேசுகிறவர்களுக்கும் அவரே வசனம் கொடுத்தார். கடைசியில் எல்லோரும் சமாதானமாகி, நம் பள்ளி சுத்தமான பள்ளி என்று முடிக்க வேண்டுமாம். நல்ல கூத்து.

கொல்லயில் ஊரிலிருந்து வரும் ஷைலா என் பக்கத்தில் இருப்பாள். அதிர்ந்து பேசாதவள். அவள் முறை வந்ததும் எழுந்தாள். கொடுத்த வசனத்தைச் சொல்லவில்லை.

"பெம்பிள்ளைய அந்தி வர வெள்ளம் குடிக்கதில்ல சாரே. கக்கூசுக்குக் கதவு இல்ல. அதாக்கும் காரணம்."

அவ்வளவுதான்... மற்ற பெண்களும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி போனால் இரண்டு பேர் காவல் நிற்பதைச் சொன்னார்கள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று ஒரு பையன் கேட்டான். தன் மாமா ஆசாரி, பலகை அடித்துத் தருவார் என்றான் இன்னொருவன். நான் படித்த காலத்தில் பார்த்த ஒரே உண்மையான கலந்துரையாடல் அதுதான்.

சார் மேசையைத் தட்டினார். "தந்தத சொன்னா போரும். இரி."

வந்த அதிகாரி ஒரு கேள்வியாவது கேட்டாரா? சாயா குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் ஷைலாவின் அம்மாவை வரவழைத்து, உங்கள் மகள் பள்ளியின் மானத்தை வாங்கிவிட்டாள் என்றார்கள். பாவம், அந்த அம்மா கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். கதவு போடாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பத்தாவது முடிக்கும்வரை கதவு வரவில்லை. ஷைலா அதற்குப் பிறகு வகுப்பில் வாயே திறக்கவில்லை.

இப்போது நானும் டீச்சர், பெருங்கடவிளைப் பக்கம். கழிப்பறையில் டைல்ஸ், தாழ்ப்பாள், தண்ணீர் எல்லாம் உண்டு. வகுப்புக்கு வகுப்பு கலந்துரையாடலும் உண்டு, வீடியோ எடுத்து குரூப்பில் போடுகிறார்கள்...

போன வாரம் என் வகுப்பில், பள்ளிக்கு மொபைல் கொண்டுவரலாமா என்று கேட்டேன். மனசில் பட்டதைப் பேசுங்கள், யாரையும் திட்ட மாட்டேன் என்றேன். நன்றாகப் படிக்கும் பிள்ளை ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சரே, எனக்க அபிப்ராயம் என்னாண்ணு சொல்லித் தாருங்க. நாளைக்குப் படிச்சிட்டு வாறேன்."

யாரைத் திட்டுவது, சொல்லுங்கள்?