காயாத சுவர்

அண்ணாவின் கல்யாணத்துக்காக கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் அவர். மலையகத்தவர், மெலிந்தவர், தலையில் எப்போதும் ஒரு துவாய். மழைக்குச் சுவரெல்லாம் பூஞ்சணம் பிடித்திருந்தது. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் தேய்த்துக் கழுவி, காயவிட்டுப் போனார். அடுத்த நாள் இராணுவத்தின் சுற்றிவளைப்பில் அண்ணாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பிறகும் அவர் தினமும் வந்தார். புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்ப்பார்.

“இன்னும் ஈரங்கம்மா. இப்ப அடிச்சா திரும்பவும் பூஞ்சணம் வரும்.”

“ஓம், ஆறுதலாக் காயட்டும். அதுக்குள்ள மகனும் வந்திடுவான்” என்பார் அம்மா.

ஒருநாள் நான் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். நன்றாகவே காய்ந்திருந்தது. கேற்றடியில் அவரிடம் கேட்டேன்.

“சுவர் காஞ்சிட்டுதெல்லோ?”

அவர் ரோட்டைப் பார்த்தபடி நின்றார்.

“ஒங்க அண்ணன் வரட்டும் தங்கச்சி. அப்ப அடிக்கலாம்.”

அண்ணா வரவில்லை. பெயின்ட் அடிக்க வந்தவர் எந்த நாளோடு வராமல் விட்டார் என்பதும் எனக்கு நினைவில்லை.