ருஷ்யாக்காரன் சட்டை

அண்ணனை ஆக்லாந்திலேயே எரித்துவிட்டார்கள். அங்கே இருக்கும் மாமா போனில் காட்டினார். படம் நின்று நின்று வந்தது. அம்மா போனைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள். நான் பெட்டியைத் திறந்து அவனுடைய நீலச் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

எங்கள் வீடு தீவில், லம்பாசா டவுன் பக்கம் புலிலேகா கிராமத்தில், கரும்புக்கு நடுவில். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அண்ணனும் கூட்டாளிகளும் டவுனில் பழைய துணிக் கடையிலிருந்து ஒரு கட்டு சாக்கர் சட்டை வாங்கி வந்தார்கள். பதினொன்றும் ஒரே நீலம். மார்பில் இருந்த எழுத்தை யாராலும் படிக்க முடியவில்லை. ஆர் எழுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. தப்பாக அச்சடித்ததால்தான் மலிவாக வந்திருக்கிறது என்று அம்மா முடிவு செய்து, எல்லாவற்றையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தேய்த்து வைத்தாள். ஆர் நேரானது, மற்ற எழுத்தெல்லாம் கோணிக்கொண்டது.

கரும்பு வெட்டும்போது அண்ணன் காலில் கத்தி பட்டதால்தான் விஷயம் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் தமிழ்நாட்டு டாக்டர் ஒருவர் இருந்தார். தையல் போட வந்தவர் காலைப் பார்க்காமல் சட்டையைப் பார்த்துச் சிரித்தாராம். அவர் ருஷ்யாவில் படித்தவர். அது அவர் படித்த ஊர் கிளப்பின் சட்டை. ஹாஸ்டல் ஜன்னலைத் திறந்தால் அவர்கள் ஆடுவது தெரியுமாம். ஊசி குத்துவது தெரியாமலிருக்க அந்தக் கிளப்பின் கதையைச் சொல்லியிருக்கிறார். ஆலைத் தொழிலாளிகள் ஆரம்பித்த டீம். யுத்தத்துக்குப் போன ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. பிறகு நாடே உடைந்து, சம்பளம் கொடுக்க வழியில்லாமல், நல்ல ஆட்டக்காரர்களை வெளிநாட்டு டீம்களுக்கு லோனில் அனுப்பினார்கள். பள்ளிக்கூடப் பையன்களை இறக்கி, தோற்று, கீழ் டிவிஷனுக்குப் போனார்கள். டீமை மட்டும் கலைக்கவில்லை.

லோன் என்றால் நம் கரும்பு லோன் மாதிரியா என்று அண்ணன் கேட்டிருக்கிறான்.

"அது இல்ல தம்பி. லோன்ல போனவன் சீசன் முடிஞ்சா திரும்பி வந்துடணும். அவன் சட்டை அவனுக்குத்தான்" என்றாராம் டாக்டர்.

அன்றிலிருந்து எங்கள் டீம் ருஷ்யா டீம். பெருமாள் பெருமாளோவ் ஆனான். முனியப்பன் முனியப்போவ். அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. கரும்பு வெட்டும்போது மட்டும் ருஷ்யாக்காரனுக்குக் கால் வலிக்கும் என்பார்.

அந்த வருஷம்தான் எங்கள் தலைநகர் சூவாவில் மறுபடியும் துப்பாக்கியைக் காட்டி ஆட்சியைப் பிடித்துக்கொண்டார்கள் என்று ரேடியோ சொன்னது. எங்கள் பக்கம் நிலங்களின் குத்தகையும் முடிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வீடாகக் கிளம்பியது. சிட்னிக்கு, ஆக்லாந்துக்கு, எதுவும் கிடைக்காதவர்கள் கப்பலேறி சூவா பக்கம் வுனிமோனோவுக்கு. டாக்டரும் போய்விட்டார். போகிற ஆட்டக்காரர்கள் சட்டையைத் துவைத்து மடித்து எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அண்ணன் அதை வாங்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டான்.

"கோச்சுக்காத பையா" என்றான் பெருமாள்.

"இனிமே பத்தாம் நம்பருக்கு எவன்டா இருக்கான்?" என்று மட்டும் கேட்டான் அண்ணன்.

எனக்கு ஒரே சந்தோஷம். சட்டை சேரச் சேர, தினம் ஒரு நம்பர் போட்டுக்கொண்டு தூங்கினேன்.

பக்கத்து ஊரோடு வருஷா வருஷம் ஒரு ஆட்டம் உண்டு. ஏழு பேராவது இல்லாவிட்டால் ஆட்டமே கிடையாது. அன்று ஆறு பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். டீம் முடிந்துவிட்டது என்று அண்ணன் சோறு தின்னாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அப்பா உள்ளே போய் ஒன்றாம் நம்பர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அது வயிற்றுக்குக் கீழே இறங்கவில்லை.

"எந்திரிடா ருஷ்யாக்காரா. பந்து வந்தா புடிக்கணும், அம்புட்டுதானே?"

வந்த பந்தையெல்லாம் விட்டார். ஒன்றை மட்டும் வயிற்றால் தடுத்தார். அதுவும் அவர் பார்க்காதபோது வந்தது. அண்ணன் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டான். பந்து எங்கேயோ உருண்டு போனது. எதிர் டீம்காரர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அப்பா அவனை விடவில்லை. மூச்சு வாங்குகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மாமா ஆக்லாந்திலிருந்து அனுப்பிய காகிதத்தில் அப்பா அதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று அம்மா பிற்பாடுதான் சொன்னாள்.

அடுத்த வாரம் கொடியில் ஒன்பதாம் நம்பர் காய்ந்தது. அண்ணனுடையது. யார் போகிறார்கள் என்று கேட்டேன்.

"நான் லோன்ல போறேன் பாப்பா. ஆக்லாந்து டீம் கேக்குது. சீசன் முடிஞ்சா வந்துடுவேன்."

பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன், எங்கள் அண்ணனை ஆக்லாந்து டீம் கேட்டிருக்கிறது என்று. பிறகு போன் பேசும்போதெல்லாம் அவனும், இன்னும் சீசன் முடியல பாப்பா என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அங்கே அவன் பார்த்தது கட்டட வேலை. சாரத்திலிருந்து விழுந்துவிட்டான்.

அவன் கிளம்பிய அன்று சட்டையை மடித்து என் கையில்தான் கொடுத்தான். நான் அங்கேயே அதைத் தலைவழியாகப் போட்டுக்கொண்டேன். முட்டிக்குக் கீழே தொங்கியது. பஸ் திரும்பும்வரை கையாட்டினேன். லோனில் போகிறவன் சட்டையை எதற்குத் துவைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறான் என்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை.