அப்பாவின் எதிரி

தோற்பதுதான் என் அப்பாவின் வேலை. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கேளிக்கைப் பூங்காக்களில் மல்யுத்த மேடை போட்ட காலத்தில், ஒரு பஞ்சாபிக்காரரிடம் ஊர் ஊராக அடி வாங்கினார். எந்தச் சுற்றில் விழ வேண்டும் என்று மேடை போடுகிறவன் முன்பே சொல்லிவிடுவான். இது எங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. குழாயடியில் பெண்கள், "ஒம் புருசன் நேத்து எத்தன நிமிசம் நின்னாரு?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அம்மா வாளியை நிரப்பாமலே திரும்பி வருவாள். அவள் சாகும்வரை அப்பா வாயைத் திறக்கவில்லை.

நான் அவரை நியூசிலாந்துக்கு, ஆக்லாந்துக்கு அழைத்து வந்தபோது அவருக்கு எண்பது தாண்டியிருந்தது. மங்கரேயில் சரக்குக் கிடங்கில் எனக்கு வேலை. ஒரு ஞாயிறு ஒனிஹங்கா காய்கறிக் கடையில், தலைப்பாகை கட்டிய ஒரு கிழவரைப் பார்த்ததும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரும் திருப்பிக்கொண்டார். பிறகு அப்பா ரசீதின் பின்னால் எங்கள் போன் நம்பரை எழுதி, கடந்து போகிற சாக்கில் அவர் கூடையில் போட்டார்.

அந்த வாரமே கிழவர் வந்தார், பின்வாசல் வழியாக. அப்பாவை ஊர் ஊராக அடித்த அதே பஞ்சாபிக்காரர். அப்பா ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். அதன்பின் வாரம் இரண்டு நாள் வருவார். இவர் முட்டிக்கு அவர் தைலம் தேய்ப்பார், மலாய் மொழியில் ஏதோ சொல்லி இரண்டு பேரும் இருமும்வரை சிரிப்பார்கள்.

"ஏம்பா, எல்லாம் நாடகமா?" என்று கேட்டேன்.

"நெசமாத்தான் அடிச்சான். நீ ஒன் வேலயப் பாரு."

ஒருநாள் அப்பா குளிக்கப் போன நேரத்தில் பஞ்சாபிக்காரர்தான், கொச்சைத் தமிழில், விஷயத்தைச் சொன்னார். யார் விழுவது என்பது முன்பே பேசிவைத்ததுதான். எதிரிகள் ஒரே ரயிலில் போனாலும் வேறு பெட்டி. ஒரே கடையில் பசியாறக் கூடாது. யாராவது பார்த்துவிட்டால் அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டம் வராது. பெண்டாட்டியிடம்கூடச் சொல்வதில்லை என்று இரண்டு பேருக்குள்ளும் வாக்கு. "சொன்னேன்னு சொல்லிடாதே. அவன் இப்பதான் என்னை நெசமா அடிப்பான்."

கடற்கரையில் நடக்கப் போனாலும் இரண்டு பேரும் பத்தடி தள்ளித்தான் நடப்பார்கள். மேடையும் இல்லை, பூங்காவும் இல்லை, பார்த்தவர்களில் பாதிப் பேர் உயிரோடு இல்லை. யாருக்காக இந்த நடிப்பு? நாயைக் கூட்டிக்கொண்டு போகிற வெள்ளைக்காரனுக்காகவா?

மூன்றாவது குளிர்காலத்தில் பஞ்சாபிக்காரர் இறந்துபோனார். அவர் மகள் போன் செய்தாள்.

"கெளம்புங்கப்பா."

"நான் எப்படி வர்றது? பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

"யாரு பாக்குறா இங்க?"

"அவன் என்னை அடிச்சு ஜெயிச்சவன். நான் போயி அழுதா அவன் ஜெயிச்சதெல்லாம் பொய்யாயிரும்."

அவருக்கு இருந்த ஒரே சிநேகிதன். கத்திப் பார்த்தேன். அசையவில்லை. நான் மட்டும் போனேன்.

இறுதிச்சடங்கு நடந்த ஹாலில் அந்த மகள் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். தன் அப்பா நிஜமாக யாரையும் ஜெயிக்கவில்லை, ஒரு தமிழ் நண்பர் தானும் அடிபடாமல், அவரையும் அடிபடவிடாமல் அழகாக விழுந்து கொடுத்தார், வீட்டில் தினமும் அவர் பேச்சுதான் என்றாள். அந்த நண்பர் வந்திருக்கிறாரா என்று கேட்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பாவுக்கு முகம் சிவந்தது.

"எல்லார் முன்னாலயுமா?"

"ஆமா."

"அவன் பொண்டாட்டிக்கும் தெரியுமா?"

"கல்யாணமான புதுசுலயே சொல்லிட்டாராம்."

"வாக்கு தவறிட்டான், நாய்ப்பய" என்றார். குரல் உடைந்தது.

"அம்மாகிட்ட நீங்களும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னப்பா?"

அன்றைக்கு நான் அவருக்குச் சோறு போடவில்லை. வேண்டுமென்றால் தானே போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் சட்டியில் சோறு வைத்தபடியே இருந்தது.