அம்மோனைட்டுக்குத் திருமஞ்சனம்

இன்று காலை என் கல்லுக்குப் பெயர் கேட்டேன். இரண்டு பெயர் கிடைத்தது. நான் மாட்டிக்கொண்டேன்.

போன வாரம் அரியலூர்ப் பக்கம் பொறுக்கி வந்த கல் அது. நத்தை போல் சுருண்டிருக்கும். என் முதல் வேட்டை, முதல் கல். புதைபடிவக் குழுவில் படம் போட்டதும் ஒருவர் சொன்னார்: "அம்மோனைட் மாதிரி இருக்கு. கடல் பிராணி. மறுபக்கத்தையும் ஸ்கேல் வெச்சு எடுத்துப் போடுங்க, என்ன வகைன்னு சொல்றேன்."

கல்லைக் கழுவி வாசல் வெயிலில் வைத்துவிட்டு ஸ்கேல் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் எதிர்வீட்டு மாமி அதன் முன்னால் கைகூப்பி நிற்கிறார்.

"சக்கரம் தெரியறதே! சாளக்கிராமம்டா இது!"

"இல்ல மாமி, கடல் பிராணி. அரியலூர்ல ஒரு காலத்துல கடல் இருந்துச்சு."

"பெருமாளும் பாற்கடல்லதானேடா இருக்கார்?"

நான் ஸ்கேலைப் பக்கத்தில் வைப்பதற்குள் அம்மா கல்லுக்குச் சந்தனம் பூசிப் பூஜை அறையில் உட்கார வைத்துவிட்டார்.

தினமும் திருமஞ்சனம், நைவேத்தியம். ஒரு நாள்கூட விடக் கூடாது, ஆண்பிள்ளைதான் செய்ய வேண்டும். மாமி விதிகளைச் சொல்லச் சொல்ல, வீட்டின் ஒரே ஆண்பிள்ளையான என்னை அம்மா திரும்பிப் பார்த்தார்.

"அப்போ ஞாயித்துக்கிழமை குழுவோட அரியலூர் ட்ரிப்பு?"

"நீதானேபா தூக்கிக்கினு வந்த? நீயே பாத்துக்க. குளிக்காம தொடாத. கறியும் இனிமே கிடையாது."

குழு நண்பரே, மறுபக்கம் சந்தனத்துக்கு அடியில் இருக்கிறது. திருப்பிப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை.

ஞாயிறு வேனில் என் சீட் காலி. யாருக்கு வேண்டும்? ஒன்றே ஒன்று: சுருளாக எது கிடைத்தாலும் வாசலில் காய வைக்காதீர்கள்.