அவருக்கு எல்லாம் கேட்டது

கருக்களாச்சேரி நண்பர் பொய் சொல்கிறார் என்றுதான் போன மழைக்காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் சிலர், பொழுதுபோக்காக வானொலி வழியே பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோ உரிமம் வைத்திருப்பவர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் மாலையில் ஒரே அலைவரிசையில் கூடி ஊர் நிலவரம் சொல்வோம். அம்பகரத்தூரிலிருந்து நான் ஒவ்வொருவராகக் கூப்பிடுவேன். பூவத்துக்காரர் ஆற்று நீரைப் பற்றிச் சொல்வார். கடல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்ல வேண்டியவர் கருக்களாச்சேரிக்காரர். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தப் பொறுப்பைப் பெரிதாக மதித்தார்.

மழைக்கு முன்பு புது ரேடியோ செட் வாங்கினார். அதில் பொத்தானை அழுத்தி அழுத்திச் சேனல்களைப் பதிவது பெரும்பாடு. "வாத்தியாரே, நீங்களே போட்டுக் குடுத்துடுங்க" என்று என்னிடம் விட்டார். கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் என்ற பெருமை எனக்கு. கேபிள் போட்டுக் கணினியோடு இணைத்தேன். கையேட்டில் செட்டின் மெமரியில் இருப்பதைப் படிக்கும் கட்டளை இருந்தது, அதில் சேனல்களை எழுதும் கட்டளை இல்லை. முகம் தெரியாத யாரோ அதைக் கண்டுபிடித்து இணையத்தில் போட்டிருந்தார். தயாரித்தவர்களே வெளியிடாத கட்டளை செட்டுக்கு செட் மாறலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அனுப்பினேன். செட் மறுக்கவில்லை. சேனல்களுக்குப் பெயரும் வைத்ததால் திரையில் அலைவரிசை எண் மறைந்து பெயர் மட்டும் வந்தது. மற்றவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்டது. அதோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த செட்டில் நான் பேசிப் பார்க்கவில்லை.

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய அன்று கூப்பிட்டேன். அவரிடமிருந்து பதில் இல்லை. மறுநாளும் இல்லை. போனில் கேட்டேன்.

"நான் பேசிக்கிட்டுதாங்க இருக்கேன். நீங்கதான் கண்டுக்காம அடுத்த ஆளுக்குப் போயிடுறீங்க."

நம்பவில்லை. முதலில் பேட்டரியைச் சந்தேகித்தேன், பிறகு ஆன்டெனாவை, கடைசியில் ஆளையே. கடற்கரைக்காரர்கள் எதையும் கூட்டித்தான் சொல்வார்கள் என்று எங்கள் வயல்பக்கத்துப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான். படிப்பு அதை மாற்றவில்லை.

ஒரு மாலை எல்லோரும் கேட்க, "மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் இன்னும் எந்திரிக்கல போலருக்கு" என்றேன்.

"கடலே வந்து எழுப்புனாதான் உண்டு" என்று பூவத்துக்காரர் சிரித்தார். இனிமேல் கடல் நிலவரத்தை வேறு ஆளிடம் கேட்டுக்கொள்ளலாம் என்றும் அறிவித்தேன்.

மழை விட்டதும் கையடக்க செட் ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் பேசுகிறாரா, பேசியதாகச் சொல்கிறாரா என்று பிடிக்கத்தான் போனேன். அவர் மைக் பொத்தானை அழுத்திப் பேசினார். பேச்சு வெளியே போகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்திலேயே நின்ற என் கையில் இருந்த செட்டில் சத்தமே இல்லை.

"இதுல யாரு கை வச்சது?" என்று அதட்டினேன்.

"உங்க கையத் தவிர வேற யார் கையும் படலீங்க."

பெயரை நீக்கி எண் தெரியும்படி மாற்றி, மறுபடி பேசச் சொன்னேன். பொத்தானை அழுத்தியதும் எண் தாவியது. கேட்பது ஓர் அலைவரிசையில், பேசுவது வேறொன்றில். நான் அனுப்பிய கட்டளை செய்த வேலை. அதுவும் எங்களுக்கு ஒதுக்கிய அலைவரிசை எல்லைக்கு வெளியே. யாராவது புகார் செய்திருந்தால் அவருடைய உரிமம் போயிருக்கும்.

விளக்கிச் சொன்னேன்.

"அப்ப நான் பேசுனது உங்க யாருக்கும் கேக்கல. நீங்க பேசுனது எனக்குக் கேட்டுச்சு. எந்திரிக்கலன்னு சிரிச்சீங்களே, அன்னிக்கு தண்ணி எங்க தெருமுனைக்கு வந்துடுச்சு. அதத்தான் கத்திக்கிட்டிருந்தேன். நீங்க சிரிச்சத எங்க வீட்டம்மாவும் பக்கத்துல நின்னு கேட்டாங்க."

சேனலைக் கையாலேயே திருத்திக் கொடுத்தேன். "நடந்தத நீங்களே எல்லாருக்கும் சொல்லிடுங்க வாத்தியாரே" என்றார். சரி என்றேன்.

அன்று மாலை நான் சொன்னது இவ்வளவுதான்: "கருக்களாச்சேரி செட்ல ஒரு சின்னக் கோளாறு. சரியாயிடுச்சு." அவர் முறை வந்தது. அவர் குரல் எல்லோருக்கும் கேட்டது. "கடல் சாதாரணமா இருக்குங்க சார்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை வாத்தியாரே என்று அழைத்ததில்லை.

பூவத்துக்காரர் இன்னமும், "என்ன, முழிச்சாச்சா?" என்று அவரைக் கேலி செய்கிறார். அவர் கடல் நிலவரத்தை மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறார். நானும் இதுவரை குறுக்கிட்டதில்லை. இதைப் பூவத்துக்காரரும் படிப்பார் என்பதால் இங்கே எழுதுகிறேன். கருக்களாச்சேரிக்காரர் அன்று தூங்கவில்லை. அந்த செட்டைக் கெடுத்தவன் நான்.